பழைய கம்ப்யூட்டரில் சிடி, டிவிடி 'பர்ன்' செய்ய என்னென்ன வேண்டும்? பாதியில் கெட்டுப்போவது ஏன்?

தெற்கு கொல்கத்தாவில் உள்ள ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 'ஸ்கூல் ஆஃப் கல்ச்சுரல் டெக்ஸ்ட்ஸ் அண்ட் ரெக்கார்ட்ஸ்' என்று ஒரு மையம் இருக்கிறது. பழைய இசைத்தட்டுகள், வீட்டு அலமாரிகளில் கிடந்த ஒலிநாடாக்கள், கையெழுத்துப் பிரதிகள், வங்காளத்துச் சந்தைகளில் விற்ற மலிவு விலைப் புத்தகங்கள் போன்றவற்றை டிஜிட்டலாக்கிக் காப்பது இந்த மையத்தின் வேலை.

2000-களின் தொடக்கத்தில் இது தொடங்கியபோது, சாதாரண கம்ப்யூட்டரில் இருந்த ஹார்ட் டிஸ்க் 40 அல்லது 80 ஜிபிதான். பென் டிரைவ் என்றால் 128 எம்பி, 256 எம்பி. அந்தக் காலத்தில் இந்தியா முழுக்க, பெரிய கோப்புகளைக் குறைந்த செலவில் எடுத்து வைக்க மக்களுக்குக் கிடைத்த ஒரே வழி சிடியும் டிவிடியும்.

அப்படி எழுதப்பட்ட டிஸ்க்குகளுக்கு இப்போது 20 வயதுக்கு மேல்கூட ஆகியிருக்கும். திருமண வீடியோ, கோயில் கச்சேரிப் பதிவு, ஆய்வேட்டின் பிரதி, மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவு என்று பலவற்றுக்கு அந்த டிஸ்க் மட்டுமே மிச்சம். (2001 கணக்கெடுப்பின் அட்டவணைகள் சிடியில்தான் விற்கப்பட்டன. தரவுச் செய்தியாளர்களின் மேசை இழுப்பறையில் அவை இன்னும் இருக்கும்.)

புது லேப்டாப்களில் டிஸ்க் டிரைவே கிடையாது. எனவே பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை இறக்கி, அதிலேயே படித்து அதிலேயே புது டிஸ்க்கில் எழுதலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது நடக்குமா?

பெரும்பாலும் நடக்கும். ஆனால் அதற்குத் தேவைப்படுவது நாம் நினைக்கிற வேகமான பிராசஸரோ கூடுதல் ரேமோ இல்லை.

பர்ன் செய்யும்போது என்ன நடக்கிறது?

ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவதும் சிடியில் எழுதுவதும் ஒன்றல்ல. ஹார்ட் டிஸ்க் நடுவில் நின்றால் ஒன்றும் ஆகாது, மறுபடி தொடரும். ரைட்டபிள் சிடியில் உள்ளிருந்து வெளியே ஒரே சுருள் பாதை ஓடுகிறது. லேசர் அந்தப் பாதையில் உள்ள சாயத்தைச் சூடாக்கிக்கொண்டே போகும். ஒரு முறை சூடான இடத்தைப் பழையபடி ஆக்க முடியாது.

டிஸ்க் சுழன்றுகொண்டே இருக்க, லேசருக்குத் தரவு இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் தோசை ஊற்றுபவர் போலத்தான்: கல் காய்ந்துகொண்டே இருக்கும், மாவு வரத் தாமதமானால் வேலை கெடும்.

இந்தத் தாமதத்தைச் சமாளிக்க டிரைவுக்குள் 'பஃபர்' என்ற சின்ன நினைவகம் இருக்கிறது. பழைய டிரைவ்களில் இது வழக்கமாக 2 எம்பி. இது எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்தால் பிரச்னை தெளிவாகப் புரியும்.

சிடியின் 1எக்ஸ் வேகம் என்பது விநாடிக்கு 150 கேபி. 4எக்ஸ் வேகத்தில் எழுதும்போது 2 எம்பி பஃபர் சுமார் 3 விநாடி தாங்கும். 16எக்ஸ் வேகத்தில் ஒரு விநாடிக்கும் குறைவு. 52எக்ஸ் என்றால் கால் விநாடி. டிவிடிக்கு 1எக்ஸ் என்பதே விநாடிக்கு 1.385 எம்பி, அதனால் 16எக்ஸ் டிவிடிக்கு விநாடிக்கு 22 எம்பி தேவை. அங்கே அதே பஃபர் பத்தில் ஒரு விநாடிகூடத் தாங்காது.

அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஹார்ட் டிஸ்க் வேறு வேலை பார்க்கப் போனால், பஃபர் காலியாகும். 'பஃபர் அண்டர்ரன்' என்ற செய்தி திரையில் வரும், டிஸ்க் குப்பைக்குப் போகும். 1990-களில் சிடி எழுதியவர்கள் ஸ்கிரீன் சேவரை அணைத்துவிட்டு, மவுஸைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தது இதனால்தான்.

2000-இல் சான்யோ நிறுவனம் 'பர்ன்-புரூஃப்' என்ற நுட்பத்தைக் கொண்டுவந்தது. பஃபர் காலியாகப் போகிறது என்றால் டிரைவ் லேசரை நிறுத்தி, இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, தரவு வந்ததும் அங்கிருந்தே தொடரும். வேறு நிறுவனங்களும் வேறு பெயர்களில் இதையே சேர்த்தன. உங்களிடம் இருப்பது 2002-க்குப் பிந்தைய ரைட்டர் என்றால், இந்த வசதி அநேகமாக இருக்கும்.

ஆனால் இதை நம்பி ரொம்பவும் தைரியமாக இருக்க வேண்டாம். நின்று தொடர்ந்த ஒவ்வொரு இடமும் ஒரு தையல் மாதிரி. ஒன்றிரண்டு இருந்தால் தெரியாது. டிஸ்க் முழுக்கத் தையலாக இருந்தால், இன்று படிக்கும் டிஸ்க் சில வருஷம் கழித்து முரண்டு பிடிக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் எதைச் சரிபார்க்க வேண்டும்?

ஹார்ட் டிஸ்க்கில் இருந்து டிரைவ் வரை தரவு போகும் வழியைத்தான். அதில் எந்த இடம் குறுகலோ, அந்த இடத்தின் வேகம்தான் உங்கள் கம்ப்யூட்டரின் பர்னிங் வேகம்.

பழைய டெஸ்க்டாப்பைத் திறந்தால், பட்டையான சாம்பல் நிற ஐடிஇ கேபிள் தெரியும். ஒரு கேபிளில் இரண்டு கருவிகளை மாட்டலாம். ஒன்று மாஸ்டர், இன்னொன்று ஸ்லேவ். ஒரே கேபிளில் இருக்கும் இரண்டும் ஒரே நேரத்தில் தரவு அனுப்ப முடியாது, மாறி மாறித்தான் அனுப்பும். ஹார்ட் டிஸ்க்கையும் ரைட்டரையும் ஒரே கேபிளில் மாட்டியிருந்தால், படிப்பதும் எழுதுவதும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கும். ஹார்ட் டிஸ்க்கை முதல் கேபிளிலும் ரைட்டரை இரண்டாவது கேபிளிலும் மாட்டினாலே பல கம்ப்யூட்டர்களில் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

கேபிளிலேயே இரண்டு வகை உண்டு: 40 கம்பி, 80 கம்பி. பார்க்க ஒரே அகலம், கம்பிகள் மட்டும் மெல்லிசாக நெருக்கமாக இருக்கும். விநாடிக்கு 33 எம்பிக்கு மேல் போக 80 கம்பி கேபிள் வேண்டும்.

அடுத்ததுதான் பலரும் கவனிக்காமல் விடும் இடம்: டிஎம்ஏ. ரைட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்தோடு நேரடியாகத் தரவு பரிமாறிக்கொள்ளும் முறை இது. இதற்கு முந்தைய பழைய முறை பிஐஓ. அதில் ஒவ்வொரு துண்டுத் தரவையும் பிராசஸரே தூக்கிச் சுமக்க வேண்டும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. டிரைவில் கீறல் விழுந்த டிஸ்க்கைப் போட்டு, தரவு பரிமாற்றத்தில் ஆறு முறை பிழை சேர்ந்துவிட்டால், அது படிப்படியாக வேகத்தைக் குறைத்துக் கடைசியில் பிஐஓ முறைக்கு இறங்கிவிடும். பயன்படுத்துபவருக்கு ஒரு வார்த்தை சொல்லாது. தானாகத் திரும்பி ஏறவும் ஏறாது. "போன மாசம் வரைக்கும் நல்லா எழுதிச்சு, இப்ப ஒரு டிவிடிக்கு ஒரு மணி நேரம் ஆகுது" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

சரிசெய்வது சுலபம். டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர் பகுதிக்குப் போய், ரைட்டர் மாட்டியிருக்கும் சேனலின் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். தற்போதைய முறை பிஐஓ என்று காட்டினால், அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏ முறையில் அமைக்கும்.

ரேமும் பிராசஸரும்?

கடைகளில் முதலில் சொல்லப்படுவது "ரேம் பத்தாது சார்" என்பதுதான். உண்மையில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கம்ப்யூட்டரில் 256 எம்பி ரேம் இருந்தால் பர்ன் செய்யப் போதும். தயாராக உள்ள கோப்புகளைச் சிடியில் எழுத 1990-களின் பென்டியம் பிராசஸரே போதும்.

குழப்பம் வருவது வீடியோவில். கேமராவில் எடுத்ததை டிவிடி பிளேயரில் ஓடும் வடிவத்துக்கு மாற்றுவது கனமான வேலை; பென்டியம் 3 கம்ப்யூட்டரில் மணிக்கணக்கில் ஓடும். அது பர்னிங் இல்லை, பர்னிங்குக்கு முந்தைய வேலை. அதை வேறொரு புதிய கம்ப்யூட்டரில் முடித்து, தயாரான ஐஎஸ்ஓ கோப்பை மட்டும் பழைய கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரலாம்.

இடம் எவ்வளவு வேண்டும்?

சிடிக்கு மூலக் கோப்புகள் 700 எம்பி, தற்காலிகக் கோப்புக்கு இன்னொரு 700 எம்பி. டிவிடிக்கு 10 ஜிபி காலியாக இருப்பது நல்லது. ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு தடை உண்டு: அதில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. முழு டிவிடியின் ஐஎஸ்ஓ கோப்பு அதைவிடப் பெரியது. என்டிஎஃப்எஸ் வேண்டும், அதாவது விண்டோஸ் 2000 அல்லது எக்ஸ்பி. விண்டோஸ் 98 வைத்திருப்பவர்கள் ஐஎஸ்ஓ செய்யாமல் கோப்புகளை நேரடியாக எழுதலாம்.

எக்ஸ்பிக்குள்ளேயே உள்ள பர்னிங் வசதி சிடிக்கு மட்டும்தான். டிவிடிக்குத் தனி மென்பொருள் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இம்ஜ்பர்ன் பழைய விண்டோஸிலும் ஓடும். லினக்ஸ் போட்டிருந்தால் கே3பி.

எந்த டிரைவ் எதை எழுதும்?

சிடியை எழுத 780 நானோமீட்டர் லேசர் வேண்டும், டிவிடிக்கு 650, புளூ-ரேக்கு 405. சிடி ரைட்டரை மென்பொருள் மாற்றி டிவிடி ரைட்டராக்க முடியாது. 'காம்போ டிரைவ்' என்று விற்றவை டிவிடியைப் படிக்கும், ஆனால் சிடியை மட்டுமே எழுதும். பழைய லேப்டாப்களில் இவைதான் அதிகம். டிரைவின் முகப்பில் உள்ள சின்னங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டிவிடியிலும் மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்று இரண்டு கட்சி உண்டு. ஆரம்பகால டிரைவ்கள் ஏதாவது ஒன்றைத்தான் ஏற்கும். தவிர, எந்த டிஸ்க்குக்கு லேசரை எவ்வளவு சூடாக்க வேண்டும் என்ற பட்டியல் டிரைவின் ஃபர்ம்வேரில் இருக்கிறது. 2003-இல் வந்த டிரைவுக்கு, அதன் பிறகு வந்த டிஸ்க்கைத் தெரியாது, உத்தேசமாக எழுதும். ஃபர்ம்வேர் அப்டேட் கிடைத்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

பழைய ஐடிஇ டிரைவ் கெட்டுவிட்டால் என்ன செய்வது? இப்போது விற்பவை சாட்டா டிரைவ்கள். சாட்டாவை ஐடிஇயில் மாட்ட அடாப்டர் கிடைக்கிறது, ஆனால் எல்லா மதர்போர்டிலும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. கொல்கத்தாவின் சாந்தினி சௌக், சென்னையின் ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பயன்படுத்திய ஐடிஇ டிரைவைத் தேடுவது மேல்.

யூஎஸ்பியில் மாட்டும் வெளி ரைட்டர் இன்னொரு வழி. இங்கே கம்ப்யூட்டரின் வயதைப் பாருங்கள். 2001-க்கு முந்தையது என்றால் யூஎஸ்பி 1.1 தான் இருக்கும். நடைமுறையில் விநாடிக்கு 1 எம்பி அளவு. சிடியை 4எக்ஸ் அல்லது 6எக்ஸ் வேகத்தில் எழுதலாம், டிவிடியின் 1எக்ஸ் வேகம்கூட எட்டாது. ஒரு யூஎஸ்பி 2.0 பிசிஐ கார்டைச் செருகினால் இந்தத் தடை நீங்கும். மெல்லிய வெளி ரைட்டர்கள் எழுதும் நேரத்தில் அதிக மின்சாரம் இழுக்கும், ஒரு யூஎஸ்பி போர்ட் தரும் 500 மில்லி ஆம்பியர் போதாமல் போகலாம். அதனால்தான் சிலவற்றுடன் இரண்டு முனை கொண்ட கேபிள் தருகிறார்கள். ஒரு முனையை மட்டும் சொருகிவிட்டு "டிரைவ் ரிப்பேர்" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய.

பட்டியலில் யாரும் எழுதாத ஒன்று யூபிஎஸ். எழுதும்போது கரண்ட் போனால் பர்ன்-புரூஃப் காப்பாற்றாது. டிவிடி எழுதி முடியும் வரை தாங்கும் பேட்டரி இருந்தால் போதும்.

எவ்வளவு டிஸ்க் ஆகும்? ஒரு கணக்கு

ஜாதவ்பூர் மையத்தின் வட இந்தியச் செவ்வியல் இசை ஆவணக் காப்பகத்தில் பழைய 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகளின் பதிவுகள் உள்ளன. அப்படி ஒரு தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றேகால் நிமிடம் ஓடும். ஒலி ஆவணங்களுக்கான சர்வதேச அமைப்பான ஐஏஎஸ்ஏ பரிந்துரைப்பது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரம். அந்தத் தரத்தில் ஒரு பக்கம் சுமார் 112 எம்பி. ஒரு டிவிடியில் 40 பக்கம் அடங்கும். ஒரு மணி நேரக் கச்சேரி என்றால் 2 ஜிபி, அதாவது டிவிடிக்கு இரண்டே கச்சேரி.

2013-இல் இதே மையம் 'பிசித்ரா' என்ற இணையத் தொகுப்பை வெளியிட்டது. ரவீந்திரநாத் தாகூரின் கையெழுத்துப் பிரதிகளும் அச்சுப் பிரதிகளுமாகச் சுமார் 1,39,000 பக்கங்கள். ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐ வண்ணத்தில், சுருக்காமல் வைத்தால் 26 எம்பி. இவ்வளவு பக்கத்தையும் அப்படி வைக்க 3.6 டிபி, அதாவது 770 டிவிடி. ஒவ்வொன்றையும் எழுதிச் சரிபார்க்கப் பதினோரு நிமிடம் என்றால் 140 மணி நேரம், அதுவும் இரண்டாவது பிரதி எடுக்காமலே. (இது அளவைப் புரிந்துகொள்ள நாம் போட்ட கணக்கு, மையத்தின் சேமிப்பு முறை பற்றியது அல்ல.)

இன்று 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று உள்ளங்கையில் அடங்கும். ஆகவே பெரிய சேகரிப்புக்கு டிஸ்க் பர்னிங் பொருந்தாது. சின்ன அளவுக்கு, முக்கியமாக ஒரு முறை எழுதி யாரும் மாற்ற முடியாமல் வைப்பதற்கு, அதற்கு இன்னும் மதிப்பு உண்டு.

நீதிமன்றங்களில் மின்னணுச் சான்றுகள் சிடி, டிவிடியில் தரப்படுவது இதனால்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணுச் சான்றுடன் தரும் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். டிஸ்க் சரியாக எழுதப்படாமல் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த மதிப்பு ஒத்துப்போகாது. ஒருவரின் வழக்கே ஒரு டிஸ்க்கில் இருக்கும்போது, பர்ன் முடிந்ததும் 'வெரிஃபை' செய்யும் ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

எந்த வேகத்தில் எழுதலாம்?

மெதுவாக எழுதினால்தான் நல்லது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதி உண்மை. 52எக்ஸ் என்று அச்சிட்ட சிடியை 1எக்ஸ் வேகத்தில் எழுதினாலும் தரம் குறையலாம், அதன் சாயம் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. சிடிக்கு 16 முதல் 24எக்ஸ், 16எக்ஸ் டிவிடிக்கு 8எக்ஸ் என்பது பொதுவாக ஒத்துவரும். 8எக்ஸ் டிவிடிக்கு விநாடிக்கு 11 எம்பி போதும். 2000-களின் ஹார்ட் டிஸ்க் அதைத் தரும். அதைவிடப் பழைய கம்ப்யூட்டர் என்றால் 4எக்ஸ். கோப்புகள் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னதாக இருந்தால், முதலில் ஐஎஸ்ஓ ஆக்கிவிட்டு எழுதுங்கள்.

எழுதிய டிஸ்க் எவ்வளவு காலம் தாங்கும்?

அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி, டிஸ்க்குகளை 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. மழைக்காலக் கொல்கத்தாவில் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். சென்னையும் யாழ்ப்பாணமும் ரொம்ப வித்தியாசமில்லை.

2006-இல் யுனெஸ்கோவுக்காகக் கெவின் பிராட்லி எழுதிய அறிக்கை, பரிசோதிக்கப்படாத ரைட்டபிள் டிஸ்க்கை ஆவணக் காப்பகங்கள் நம்பியிருப்பதன் ஆபத்தை விரிவாகப் பேசியது. எந்த டிரைவில் எந்த டிஸ்க் எப்படி எழுதும் என்பது மாறிக்கொண்டே இருப்பதுதான் அதன் மையக் கவலை.

நல்ல காலி டிஸ்க் கிடைப்பதும் குறைகிறது. இந்தியாவில் சிடி என்றாலே நினைவுக்கு வந்த மோசர் பேர் நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் உத்தரவானது. எழுதக்கூடிய புளூ-ரே டிஸ்க் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் சோனி நிறுத்தியது.

எனவே எழுதுவதற்கு முன், பழைய டிஸ்க்குகளைப் படித்து ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகக் காப்பி செய்யும்போது நடுவில் நின்றுவிடும் டிஸ்க்குக்கு, லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ என்ற நிரலைப் பயன்படுத்தலாம். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு திரும்ப முயலும். அதே டிஸ்க்கை வேறு கம்பெனி டிரைவில் போட்டு, அதே குறிப்புக் கோப்புடன் மறுபடி ஓட்டுங்கள். ஒரு டிரைவ் படிக்காத இடத்தை இன்னொன்று படிப்பது அடிக்கடி நடக்கும். இதற்காகவே பழைய டிரைவ் இரண்டு இருந்தால் இரண்டையும் வைத்திருங்கள், எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.